மடியில் கிடந்த சால்வை

திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது உறைத்தது. தத்துவக் கலாநிதி ஒருவரின் வீட்டு விறாந்தையில் கழற்றி வைத்தது அங்கேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுத்திருக்கலாம், பெரிய தூரமில்லை. ஆனால் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த வாசலில் செருப்புக்காகக் குனிந்து நிற்க மனமில்லை. பங்குனி வெயிலில் பலாலி வீதித் தார் இளகிக் கிடந்தது. ஓரத்துச் செம்மண்ணில் இறங்கி வடக்கே நடந்தேன்.

சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டினாற்போல ஒரு கொப்பி இருந்தது. அதை நான் களவெடுத்துக்கொண்டு போனதாகக் கலாநிதி சொல்லியிருப்பார். கொப்பி அவருடையது, எழுத்து என்னுடையது, எழுதப்பட்ட பேச்சு வேறொருவருடையது. இப்படியான வழக்கைத் தீர்க்கத் தத்துவம் உதவாது என்பதை அவரோடு இருந்த ஐந்து மாதத்தில் கற்றிருந்தேன்.

உரும்பிராய் தாண்டி, புகையிலை விளையும் ஓர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் அங்கே கோயிலில் புராணப் படிப்புத் தொடங்குகிறது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். பொருள் சொல்வதைப் பயன் சொல்லுதல் என்பார்கள். பதினெட்டு வருடமாக அந்த ஊரில் பயன் சொல்லிவந்தவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். ஊர் அவரைப் பயன்காரர் என்றே கூப்பிட்டது. மனைவி செத்து, இரண்டு பிள்ளைகளும் கடல் கடந்து போய், அவருக்கென்று மிஞ்சியிருந்தது பயன் சொல்ல ஏறி இருக்கும் அந்தப் பலகை ஒன்றுதான். இந்த வருடம் அது அவருக்கு இல்லை என்று கோயில் முகாமையாளர் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் நான் எழுதியதும் கலாநிதி வெட்டியதும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் மனு எழுதுகிற ஒருவரிடம் கொஞ்சக் காலம் இருந்தேன். அழுகிறவர்களின் பேச்சை அழுகிற வேகத்திலேயே எழுதப் பழகியது அங்கேதான். பிறகு மயிலிட்டியில் கருவாடு காயப்போட்டேன். தொண்ணூறில் சண்டை மூண்டு அந்தக் கரையை விட்டு எல்லாரும் ஓடியபோது நானும் ஓடி, கொழும்புத்துறையில் வலை இழுத்தேன். அங்கே மீன்பாடு இல்லாமற்போக, திருநெல்வேலியில் விறகு கொத்தினேன். விறகு கொத்தப் போன வீடுகளில் ஒன்று கலாநிதியுடையது.

அவரிடம் நல்ல ரேப் ரெக்கோடர் ஒன்று இருந்தது. பற்றரி இல்லை. பற்றரி, சோப், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அரசாங்கம் தடை செய்திருந்த காலம். நான் வேகமாக எழுதுவேன் என்று தெரிந்ததும் கோடரியை வாங்கி வைத்துவிட்டுக் கொப்பியைக் கையில் தந்தார். சம்பளம் இரண்டு நேரச் சாப்பாடும் விறாந்தையில் படுக்கையும். பற்றரியைவிட நான் மலிவு.

இருபது வருடம் வெள்ளைக்காரரின் தத்துவத்தை வெள்ளைக்காரருக்கே படிப்பித்துவிட்டு, தான் தமிழன் என்பது ஐம்பத்தைந்தாவது வயதில் ஞாபகம் வந்து திரும்பி வந்தவர் அவர். வெளிநாட்டில் ஒரு பெரிய தொகுப்பு வரப்போகிறதாம். உலகத்துச் சுதேச தத்துவங்கள் எல்லாவற்றையும் மீட்டெடுத்து நவீன தத்துவத்துக்குள் சேர்க்கிற தொகுப்பு. தமிழருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழர் என்றால் அவர்.

"அந்த மேசையிலை எங்களுக்கும் ஒரு கதிரை வேணும், தம்பி. எத்தினை நாளைக்கு வெளியிலை நிக்கிறது?"

வெளியில் நிற்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவர் கேட்கவில்லை.

அவருடைய வேலைமுறை இது. தாளின் நடுவில் ஒரு கோடு கிழிப்பார். இடது பக்கத்தில் நம்முடையது. வலது பக்கத்தில் அதற்கு இணையான ஐரோப்பியருடையது. வலது பக்கத்தில் இணை கிடைக்காவிட்டால் இடது பக்கத்தில் இருப்பதை அழித்துவிடுவார். நம்மை மீட்பதற்காக அவர் அழித்ததைப்போல நம்மை வென்றவர்கள்கூட அழித்திருக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புகையிலை ஊருக்கு என்னை அனுப்புவார். கோயிலுக்கு முன்னாலுள்ள மடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சித்தாந்தம் கதைப்பார்கள். எல்லாரும் தோட்டக்காரர்; ஓரிருவர் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர். மடத்துக்குள் ஏறக்கூடாத சாதியார் வேலியோரம் நின்று கேட்பார்கள். உள்ளே உயிர் எல்லாம் ஒன்றா பலவா என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதையும் எழுதினேன். கலாநிதி அதற்கு இணை தேடவே இல்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் கட்சியைப் பரபக்கம் என்பார்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஒருவர் பரபக்கம் பேசவேண்டும்: கடவுள் இல்லை, உயிர் இல்லை, வினை இல்லை என்று முழுப் பலத்தோடும் பேசவேண்டும். அரைமனதோடு பேசினால் இருமிக் காட்டுவார்கள். அதற்கு ஆகப் பெரிய பக்தனைத்தான் இருத்துவார்கள். நம்பிக்கை குறைந்தவன் பேசினால் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுவான் என்று பயம். பேசத் தொடங்குமுன் அவர் தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து மடியில் வைப்பார். சால்வை மடியில் கிடக்கும்வரை அவர் எதிராளி. "நான் இப்ப எதிர்க்கட்சி" என்று வாயால் சொல்லுவதில்லை, சால்வையே போதும். மறுமொழி வந்தபிறகு திரும்பத் தோளில் போடுவார். மறுமொழி வராமல் ஒருவரும் எழும்பக்கூடாது. எதிராளியின் சொல் கடைசிச் சொல்லாக எவரோடும் வீட்டுக்குப் போகக்கூடாது.

மாசியில் ஒரு வெள்ளி, பயன்காரர் சால்வையை மடியில் வைத்தார். நான் கொப்பியின் ஓரத்தில் 'சால்வை மடியில்' என்று எழுதிக்கொண்டேன்.

"பச்சைப் புகையிலையிலை காரம் இருக்கோ?" என்று தொடங்கினார். "மாடும் மணந்து பாத்திட்டுப் போகும். அதைப் புகைக்குடிலுக்குள்ளை தொங்கவிட்டு, தென்னம் பொச்சுமட்டைப் புகை போட்டா, நாலாம் நாள் மூக்கிலை ஏறுது. அந்தக் காரத்தை ஆர் வெளியிலை இருந்து கொண்டுவந்து உள்ளை விட்டது? ஒருத்தருமில்லை. இலையும் புகையும் சேந்து பழுத்த பழுப்பு. உயிரும் உதுதான். உடம்பு பழுத்தா உயிர். குடில் பத்தி எரிஞ்சா காரம் எந்த லோகத்துக்குப் போகும்? சொல்லுங்கோ பாப்பம்."

மறுமொழி வருமுன் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, மறு சுற்றில் தாழப் பதிந்தது. மடத்தடியில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் எல்லாரும் விழுந்தோம். வேலியோரம் நின்றவர்களும் விழுந்தார்கள். பங்கருக்குள் சாதி பார்க்க இடமில்லை. என் கொப்பி மேலே கிடந்தது. யாரோ ஒருவருடைய முழங்கால் என் கழுத்தில் இருந்தது. அந்த இருட்டில் பயன்காரரின் குரல்:

"மறுமொழியைக் கேளுங்கோ."

"அண்ணை, குண்டு விழப்போகுது! இப்ப என்ன மறுமொழி?" என்றார் முகாமையாளர். அவரும் எங்களோடுதான் கிடந்தார்.

"அதுதான் கெதியாச் சொல்லுறன். உதோடை செத்தா எங்கை போறது? காரத்துக்குத் தான் காரம் எண்டு தெரியுமோ? தெரியாது. சுருட்டுப் பத்திறவனுக்குத்தான் தெரியும். அறியப்படுகிற பொருள் தன்னைத் தான் அறியாது. அறியிறது எதுவோ அதுதான் உயிர். அது குடிலுமில்லை, இலையுமில்லை, புகையுமில்லை."

குண்டு அரை மைல் தள்ளி விழுந்தது. வெளியே ஏறியபோது அவருடைய சால்வை தோளில் இருந்தது, மண் பிடித்துப்போய்.

அன்றே திருநெல்வேலிக்குத் திரும்பி, பங்கருக்குள் கேட்டதை ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன். கலாநிதி முதல் பகுதியை வாசித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினார். "எங்களிட்டையும் ஒரு பொருள்முதல்வாதி இருக்கிறான்!" என்று கத்தினார். வலது பக்கத்தில் எழுத அவருக்கு நாலு ஐரோப்பியர் கிடைத்தார்கள். இரண்டாம் பகுதியைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கீறினார்.

"இது ஞாபகத்திலை எழுதினது. கள ஆதாரமில்லை. முறைப்படி ஏற்கேலாது."

"சேர், குண்டு போட்டவன் நான் எழுதி முடிக்குமட்டும் நிக்கமாட்டான்."

"அது சரி, தம்பி. ஆனால் முறை முறைதான்."

'சால்வை மடியில்' என்பதையும் வெட்டினார். உடுப்பைப் பற்றிய குறிப்புத் தத்துவத்துக்குத் தேவையில்லையாம். நான் ஒருதரம் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டுவது கேட்பதற்கு அடையாளமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதோடு விட்டேன். இரண்டு நேரச் சோறு இப்படியும் வேலை செய்யும்.

கட்டுரையின் ஆங்கிலப் பிரதி ஒருவருடைய பயணப்பையில் கடல்நீரேரி கடந்து கொழும்புக்குப் போனது. தமிழ்ச் சுருக்கத்தை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று போட்டது. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில் அச்சான காலம். அந்த நீலக் கோடுகளுக்கு மேல், ஊரைச் சொல்லி, புராணத்துக்குப் பயன் சொல்லும் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் உயிரை மறுக்கிறார், இதுவே எங்கள் மண்ணின் மறைந்திருந்த தத்துவம் என்று போட்டிருந்தது.

முகாமையாளர் பங்கருக்குள் கிடந்து மறுமொழியைத் தன் காதால் கேட்டவர். அதைச் சொல்லித்தான் அவரிடம் நியாயம் கேட்டேன். "எனக்குத் தெரியும்," என்றார். "பேப்பர் வாசிச்ச சனத்துக்குத் தெரியாதே. அயலூரிலை கேக்கினம், நாத்திகனோ உங்கடை கோயிலிலை பயன் சொல்லுறது எண்டு. பேப்பரிலை வந்தது பேப்பரிலை போகட்டும். பிழை எண்டு நாலு வரி வரட்டும், பலகை அவருக்குத்தான்." தன் காதை நம்பாமல் அயலூரான் வாசித்ததை நம்பும் ஆட்களைத்தான் நாங்கள் கோயிலுக்கு முகாமையாளராக்குவோம்.

நாலு வரி கேட்டு, பயன்காரரே சைக்கிள் மிதித்துத் திருநெல்வேலிக்கு வந்தார். கலாநிதி தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், பனங்கட்டியும் வைத்தார்.

"ஐயா, நான் அப்பிடி நம்பிறவனில்லை. அது பரபக்கம்," என்றார் பயன்காரர்.

"நீங்கள் அப்பிடித்தான் நினைக்கிறியள்," என்றார் கலாநிதி, அன்பாக. "உங்கடை மரபு உங்களை ஒளிச்சுப் பேச வைச்சிருக்கு. உள்ளுக்கை நீங்கள் ஆர் எண்டு உங்களுக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆராய்ச்சியிலை தெரிய வந்தது."

பயன்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "ஆராய்ச்சியிட்டைச் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை படிப்புத் தொடங்குது எண்டு."

நாலு வரி வரவில்லை. பத்திரிகைக்கு நானே போனேன். கலாநிதியின் கையெழுத்தோடு வா என்றார்கள். படிப்புத் தொடங்கும் வெள்ளி காலையில், அந்த நாலு வரியையும் நானே எழுதிக் கையெழுத்துக்காகக் கலாநிதி முன்னால் வைத்தேன். கட்டுரை போய்விட்டது, இப்போது பிழை என்றால் அத்தியாயம் முழுக்கப் போய்விடும், தமிழருடைய கதிரை போய்விடும் என்றார். "ஒரு தோட்டக்காரற்றை பலகை பெரிசோ, ஒரு இனத்தின்ரை கதிரை பெரிசோ?" பிறகு, அடுத்த மாதம் வடமராட்சிப் பக்கம் போய் மீனவரிடம் எழுதி வரும்படி சொன்னார். வலது பக்கத்தில் இணையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். இடது பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

இனி வரமாட்டேன் என்று சொல்லி, மேசையிலிருந்த பழைய கொப்பியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கோண்டாவிலில் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கேட்டுக் குடித்துக் காலையும் நனைத்தேன். நாலு மணிக்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயில் மண்டபத்துக் கூரை பீரங்கிச் செல் விழுந்து உடைந்திருந்ததால், படிப்பை மடத்தில் வைத்திருந்தார்கள். முகாமையாளரிடம் கொப்பியைத் திறந்து, சிவப்புக் கீறலுக்குக் கீழிருந்த மறுமொழியையும் ஓரத்துக் குறிப்பையும் காட்டினேன்.

"உது நீ எழுதினது," என்றார். "ஆர் நம்பிறது?"

"அதுவும் நான் எழுதினதுதானே? அதை எப்பிடி நம்பினியள்?"

"அது அச்சிலை வந்தது."

பலகையில் பக்கத்து ஊர் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். நல்ல குரல், நல்ல உடம்பு. வாசிப்பவர் உயிரைப் பற்றிய செய்யுளுக்கு வந்தார். தபாலதிபர் பயன் சொன்னார்: பதம் பதமாக, தபால் பிரித்து அடுக்குவதுபோல. அப்போது பயன்காரர் வந்தார். எல்லாருக்கும் முன்னால், பலகைக்கு நேரெதிரே இருந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

மடம் முழுக்க ஒரு அசைவு. முகாமையாளர் வேறு பக்கம் பார்த்தார்.

"ஒரு ஐயம்," என்றார் பயன்காரர். புகைக்குடிலைப் பற்றி அன்று சொன்னதை அப்படியே கேட்டார். இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கி. தபாலதிபர் ஒரு பாட்டைச் சொன்னார்.

"பாட்டுச் சரி. மறுமொழி?"

இன்னொரு பாட்டு வந்தது.

"அதுவும் நல்ல பாட்டு. இண்டைக்குப் பாட்டுக் கச்சேரியோ?"

பின்னால் சிரித்தார்கள். தபாலதிபர் வியர்வையைத் துடைத்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்குக்கு இருந்தது அரைப் போத்தல் மண்ணெண்ணெய். மறுமொழி வராமல் எழும்பக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "உவருக்கு அந்தப் பலகையைக் குடுங்கோவன். வீட்டை போய் உலை வைக்கவேணும்."

முகாமையாளர் எழும்பினார். "அண்ணை, நீங்களே மறுமொழியைச் சொல்லிவிடுங்கோ."

"நான் எப்பிடிச் சொல்லுறது? நான் பொருள்முதல்வாதி. பேப்பரிலை கிடக்கு."

"பேப்பர் கிடக்கட்டும், அண்ணை."

"கிடக்கட்டுமோ? மூண்டு கிழமையா அதுதானே உங்களுக்கு வேதம்."

தபாலதிபர்தான் முடித்துவைத்தார். முழங்காலைப் பிடித்தபடி எழும்பி, "வாருங்கோ, ஐயா. என்னை வரச் சொல்லேக்கை உதொண்டும் சொல்லேல்லை," என்று பலகையை விட்டு விலகினார். அங்கே இருந்தவர்களில் வெட்கப்படத் தெரிந்தவர் அவர் ஒருவர்.

பயன்காரர் சால்வையைத் தோளில் போட்டுப் பலகையில் இருந்தார். ஆனால் உடனே பேசவில்லை. இருமல்கள் வந்தன. பிறகு, பங்கருக்குள் சொன்ன மறுமொழியைச் சொன்னார்: காரம் தன்னை அறியாது, அறிகிறவன் வேறு. சனம் தலையை ஆட்டி எழும்பி வீட்டுக்குப் போனது. அரைப் போத்தல் எண்ணெய் மிச்சம்.

போக வேறு இடம் தெரியாமல் நான் அவரோடு நடந்தேன். பலகை திரும்பக் கிடைத்த மனிதன் போல அவர் இல்லை.

"மூண்டு கிழமை அந்தப் பக்கத்திலை வைச்சிட்டாங்கள்," என்றார். "அரை மணித்தியாலம் இருக்கிற இடம் அது. மூண்டு கிழமை இருந்தா வேறை மாதிரித் தெரியுது. சுருட்டுப் பத்திறவனுக்குக் காரம் தெரியும் எண்டு சொன்னன். அவனும் உடம்பு தானே? அவன்ரை அறிவும் பழுத்து வந்த பழுப்பு எண்டா?"

"மறுமொழி சொன்னியளே, அண்ணை."

"சனத்துக்கு அவ்வளவு காணும். எனக்குக் காணாது."

கலாநிதி இதைக் கேட்டிருந்தால் துள்ளியிருப்பார். நான் கொப்பியை வெளியே எடுக்கவில்லை. அந்தத் தொகுப்பு வந்ததா, தமிழருக்குக் கதிரை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருந்தால் அதில் இருப்பவர் பயன்காரர் இல்லை. அவருடைய மடியில் கிடந்த சால்வை.

"எங்கை இனிப் போறாய்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"குடிலுக்குப் புகை போட ஆளில்லை. கண் எரியும். செருப்புத் தேவையில்லை."

அடுத்த நாள் விடிய, இலை கட்டித் தொங்கவிட்டிருந்த குடிலுக்குள் குனிந்து போனேன். நிமிர இடமில்லை. பொச்சுமட்டையைச் சுவாலை எழும்பாமல் புகையவிடவேண்டும், அதுதான் வேலை. அவர் வாசலில் குந்தியிருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு இலையை நீட்டச் சொல்லி மணந்து பார்த்தார். முதல் நாளே காரம் வராது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பார்த்தார். நான் இருமி இருமி அடுத்த மட்டையை வைத்தேன்.